இடைவேளையில் ஒரு சின்ன மாற்றம்

நாத்தனார்மேல் எழுதியிருந்த குற்றச்சாட்டு அரைப் பக்கம்கூட இல்லை. தடுப்பூசிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும்போது, வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ, அவள் ரத்து விசையை அழுத்திவிட்டாள். லேபிள் வராததால் பெட்டிகள் லாரியில் ஏறவில்லை. குளிரறைக்கு வெளியே கிடந்து அத்தனையும் கெட்டுப்போயின. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் வேலை இல்லை.

அண்ணி அந்தத் தாளைச் சமையலறை விளக்கின் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் திரும்பவில்லை.

"ஏதாவது சொல்லுங்க அண்ணி," என்றாள் நாத்தனார், அடுப்பை அணைத்துக்கொண்டே. "நீங்க வாயைத் திறக்கறதுக்குள்ள எனக்கு ரிட்டயர் ஆகற வயசே வந்துடும். இப்ப அதுவும் வராது போல."

அண்ணிக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். மற்றவர்களுக்குக் கோபம் வாய் வழியாக வெளியே போகும். அவளுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் இதைத் தலைக்கனம் என்று நாத்தனார் நினைத்திருந்தாள். இப்போது பழகிவிட்டது. அண்ணி எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறாளோ அவ்வளவு பெரிய கோபம் என்று அளந்து வைத்திருந்தாள்.

இருவரும் ஒரே மருந்துக் கிடங்கில்தான் வேலை. நாத்தனார் கீழே, சரக்கு அனுப்பும் டெஸ்பாட்சில். அண்ணி மாடியில் புரோகிராம் எழுதும் பிரிவில். நாத்தனார் "அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். லாரி டிரைவர்களுக்கும் அவள் அண்ணிதான்.

கிடங்கின் மொத்தக் கணக்கும் ஒரு கறுப்பு இயந்திரத்தில் ஓடுகிறது. மேசைமேல் வைக்கிற கம்ப்யூட்டரைவிடப் பெரிது, அறை முழுக்க அடைத்துக்கொள்கிற ராட்சத இயந்திரங்களைவிடச் சின்னது. நின்றால் ஒரு ஆள் இடுப்பு உயரம் இருக்கும். நடுத்தர வகை என்பார்கள். நடுத்தரக் குடும்பம் மாதிரியே அதுவும் ஓசைப்படாமல் எல்லாப் பாரத்தையும் சுமக்கும். அதில் ஒரு பொது லைப்ரரி உண்டு. எல்லாப் புரோகிராம்களுக்கும் தேவைப்படுகிற சின்னச் சின்ன வேலைகளை அதில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு புரோகிராமும் தனியாகச் செய்யாமல், அந்தப் பொது அலமாரியைத் திறந்து எடுத்துக்கொள்ளும், வைத்துக்கொள்ளும்.

டெஸ்பாட்சில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஆர்டர்களைச் சரிபார்ப்பார்கள். லாரிகள் மத்தியானத்துக்குமேல்தான் வரும் என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகுதான் லேபிள் அடிப்பார்கள். அந்த லேபிள் அடிக்கும் நேரத்தில் எப்போதாவது ஒரு நாள் திரை நின்றுவிடும். 'சுட்டிக்காட்டும் இடத்தில் ஒன்றும் இல்லை' என்று ஒரு செய்தி வரும். கீழே சில எழுத்துகளைக் காட்டி, ஒன்றை அழுத்து என்று கேட்கும்.

"எதை அழுத்தறது சார்?" என்று முதல் தடவை நாத்தனார் மாடிக்குப் போன் செய்து கேட்டிருக்கிறாள்.

"சி அழுத்துங்க. அழுத்திட்டு வெளிய போயிட்டு மறுபடி உள்ள வாங்க. சரியாயிடும்."

சரியாகத்தான் ஆனது. அடுத்த தடவையும் அப்படியே. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். திரை நின்றால் தானே சி அழுத்திக்கொண்டாள். அந்த 'சி'தான் ரத்து விசை. தடுப்பூசி நாளன்றும் அப்படித்தான் அழுத்தினாள். ஆனால் அன்றைக்கு ஆர்டர் பாதியில் நின்று, இருப்புக் கணக்கில் பெட்டி கழிந்துவிட்டது, லேபிள் வரவில்லை. மறுபடி உள்ளே வந்தபோது அந்த ஆர்டர் முடிந்துபோனதாகக் காட்டியது. அனுப்பியாகிவிட்டது என்று அவள் நம்பினாள். இயந்திரத்தின் பதிவில் இப்போது என்ன இருக்கிறது? இந்தப் பெயருள்ள பயனர் சி அழுத்தினார் என்று இருக்கிறது. அழுத்தச் சொன்னவருடைய குரல் எந்தப் பதிவிலும் இல்லை.

சொன்னவர் மாடியில் சிஸ்டம்ஸ் தலைவர். அவருக்குச் சின்னமாற்றம் என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும், "ஒண்ணுமில்ல, ஒரு சின்ன மாற்றம்தான்" என்பார். அதட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். யார் மேல் தப்பு என்கிற பேச்சு அவரிடம் போனால் எண்ணெய் தடவிய சட்டியில் விட்ட தண்ணீர் மாதிரி ஒட்டாமல் உருண்டு வேறு பக்கம் போய்விடும்.

"அண்ணன் என்ன சொல்றான் தெரியுமா?" என்றாள் நாத்தனார். "மன்னிப்பு எழுதிக் குடுத்துடு, வம்பு வேண்டாம்ங்கறான்."

உள்ளறையிலிருந்து அண்ணியின் கணவர் குரல் வந்தது. "நல்லதுக்குத்தானே சொல்றேன்."

அவர் தன் அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முழுக்கச் செயலற்றுப் போய் அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து அந்த வீட்டின் நேரமெல்லாம் அந்தத் திருப்பலைச் சுற்றித்தான் ஓடியது. பகலில் பார்த்துக்கொள்கிற பெண் சாயங்காலம் சீக்கிரமே கிளம்பிவிடுவாள். அவள் கிளம்புவதற்குள் நாத்தனார் வீட்டுக்கு வர வேண்டும். அதற்காகத்தான் அவள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் எழுந்திருக்காமல் நாற்காலியிலேயே வேலை பார்த்தாள். அந்த இடைவேளையைக் கழித்துக்கொண்டு மற்றவர்களுக்கு முன்னால் கிளம்ப அனுமதி வாங்கியிருந்தாள். தன் அம்மாவுக்காக என்று அவள் சொல்வாள். அவள் சீக்கிரம் வருவதால்தான் தான் மாடியில் பொழுது சாயும்வரை உட்கார முடிகிறது என்பது அண்ணிக்குத் தெரியும்.

"மன்னிப்பு எழுதாதே," என்றாள் அண்ணி.

தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அண்ணி அந்தப் பிழையைத் தன் திரையில் வரவழைக்கப் பார்த்தாள். தடுப்பூசி ஆர்டரை அப்படியே நகல் எடுத்து, சரிபார்த்து, லேபிள் அடித்தாள். ஒழுங்காக வந்தது. வேறு ஆர்டர் போட்டாள். அதுவும் வந்தது. நாத்தனாரின் உள்நுழைவை வைத்துப் பார்த்தாள், வந்தது. ஒவ்வொரு தடவையும் வெளியே போய்விட்டு, சுத்தமாக உள்ளே வந்து, முதலிலிருந்து செய்தாள். இயந்திரம் பரீட்சையில் முதல் வரிசைப் பிள்ளை மாதிரி நடந்துகொண்டது. வாத்தியார் தலை மறைந்தால்தான் வால்தனம்.

"என்ன மேடம், கிடைச்சுதா?" என்று சின்னமாற்றம் வந்து எட்டிப் பார்த்தார்.

"இல்லை."

"கிடைக்காது. அந்தப் புரோகிராம்ல ஒண்ணுமில்ல. நாங்க பார்க்காததா? நீங்க உறவுங்கறதால மனசு கேட்கல, புரியுது."

உறவு என்ற சொல்லை அவர் இளகிய குரலில்தான் சொன்னார். அதுதான் குத்தியது. முப்பது பேர் வேலை செய்கிற தளத்தில் ஒருத்திக்கு மட்டும் பிழை வந்தால், பிழை அவளிடம்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பார்ப்பதற்கு நியாயமான கணக்குதான். அந்த நியாயத்தின்மேல் அண்ணிக்கு அருவருப்பு வந்தது. தன்னாலும் அதைப் பொய் என்று காட்ட முடியவில்லையே என்பதில் இன்னும் அருவருப்பு வந்தது.

புதன்கிழமை காலை கீழே இறங்கி டெஸ்பாட்சுக்குப் போனாள். நீளமான அறை, தகரக் கூரை, நடுவில் அட்டைப்பெட்டிகள் நகர்கிற உருளைப்பாதை. நாற்காலிகளின் துணி கிழிந்து பஞ்சு தெரிந்தது. சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை: 'இருக்கையை விட்டு எழுந்தால் திரையிலிருந்து வெளியேறவும்.' ஒரு சமயம் யாரோ இன்னொருவர் திரையில் விளையாட்டாக ஆர்டர் போட்டுவிட்டதிலிருந்து அந்தப் பலகை இருந்தது. அதை எல்லாரும் மதித்தார்கள்.

"இங்க வேற யாருக்காவது இந்த மாதிரி நின்னிருக்கா?" என்று கேட்டாள்.

"எங்களுக்கு எல்லாம் நிக்காது அண்ணி. எங்க கையில ராசி இருக்கு," என்றான் ஒருவன். இன்னொருத்தி சிரித்தாள். "உங்க நாத்தனார் கண்ணு வச்சா லாரியே நின்னுடும். மெஷின் எம்மாத்திரம்."

"ஏய், உன் லாரி நிக்கறது டீசல் போடாததால," என்று திருப்பிக் கொடுத்தாள் நாத்தனார். ஆனால் குரலில் வழக்கமான காரம் இல்லை.

ஓரத்து மேசையில் இருந்த பெரியவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். எப்போதும் ஏதாவது ஒரு பல்லில் நோவு என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அவரைப் பல்வலிக்காரர் என்பார்கள். "எனக்கு ஒருவாட்டி நின்னுச்சும்மா," என்றார்.

"எப்போ?"

"தேதியெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு. பல்லு புடுங்கின அன்னிக்கு. காலையில புடுங்கிட்டு நேரா இங்க வந்துட்டேன். மத்தியானம் லேபிள் அடிச்சேன், நின்னுச்சு. வலிக்கு மேல இது வேறயான்னு திட்டினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பல்வலிக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது.

"என்னம்மா, நான் தப்பா எதுவும் சொல்லிட்டேனா?"

"அன்னிக்கு மத்தியானம் சாப்பிடப் போனீங்களா?"

"எங்கேருந்து போறது? வாயில பஞ்சு. இங்கயே உட்கார்ந்து எல்லாருடைய ஆர்டரையும் சரிபார்த்துக்கிட்டு இருந்தேன்."

அண்ணி மாடிக்குத் திரும்பினாள். படியில் பாதி வழியில் நின்றுவிட்டாள். சாப்பிடப் போகிறவர்கள் பலகையை மதித்துத் திரையிலிருந்து வெளியேறிவிட்டுப் போகிறார்கள். திரும்பி வந்து புதிதாக உள்ளே வருகிறார்கள். நாத்தனார் போவதில்லை. பல் பிடுங்கிய அன்று பெரியவரும் போகவில்லை. காலையில் திறந்த திரை மத்தியானத்தைத் தாண்டித் திறந்தே இருந்தவர்களுக்குத்தான் பிழை வந்திருக்கிறது. தான் நேற்று முழுக்க என்ன செய்தாள்? ஒவ்வொரு தடவையும் வெளியே போய் வந்தாள். சாப்பிடப் போய் வருகிறவர்கள் செய்வதையே செய்துகொண்டிருந்திருக்கிறாள். பிழை எப்படி வரும்?

அப்படியானால் சாப்பாட்டு வேளையில் இயந்திரத்துக்குள் எதுவோ நடக்கிறது.

சோதனைக்கென்று ஒதுக்கியிருந்த பகுதிக்குள் போனாள். திரையைத் திறந்து ஓர் ஆர்டரைச் சரிபார்த்தாள். வெளியேறவில்லை. இன்னொரு திரையிலிருந்து பொது லைப்ரரியை எடுத்துவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்றை வைத்தாள். பிறகு முதல் திரைக்குத் திரும்பி லேபிள் அடித்தாள்.

திரை நின்றது. 'சுட்டிக்காட்டும் இடத்தில் ஒன்றும் இல்லை.'

அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு எளிய விஷயமா? சரிபார்க்கும் புரோகிராம் காலையில் பொது அலமாரியைத் திறந்து ஆர்டரை அதில் வைக்கிறது. மத்தியானம் யாரோ அலமாரியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அதே இடத்தில் புது அலமாரியை நிறுத்துகிறார்கள். திறந்திருக்கும் திரைக்கு இது தெரியாது. அது பழைய அலமாரியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு முதல் தடவையாக வருகிற லேபிள் புரோகிராம் புது அலமாரியைத் திறக்கிறது. உள்ளே காலி. அது என்ன செய்யும்? நின்றுவிடும். வெளியே போய் வந்தால் எல்லாமே புது அலமாரியில் நடக்கும், பிழை மாயமாகிவிடும். பார்த்தீர்களா, சரியாகிவிட்டது என்று மாடியிலிருந்து சொல்வார்கள்.

அலமாரியை மாற்றுவது யார் என்று தேட வேண்டியதில்லை. மாற்றும் உரிமை மாடியில் ஒருவருக்குத்தான். எந்த மாற்றமும் ஞாயிற்றுக்கிழமை, யாரும் உள்ளே இல்லாதபோது, இருவர் ஒப்புதலோடு செய்ய வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை வர அவருக்குச் சோம்பல். சாப்பாட்டு வேளையில் கீழே எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள், தளம் காலி, யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு சின்ன மாற்றம்தானே.

எடுத்து வைத்த பழைய அலமாரிகளை இயந்திரம் கொஞ்ச நாள் ஒரு மூலையில் வைத்திருக்கும். அங்கே போய்ப் பார்த்தாள். தடுப்பூசி நாளுக்குரியது இல்லை. ஞாயிறுதோறும் இயந்திரத்தை நிறுத்தி எழுப்பும்போது அந்த மூலை துடைக்கப்பட்டுவிடும். திங்கட்கிழமை மாற்றியது மட்டும் கிடந்தது. குற்றச்சாட்டு எழுதிக் கொடுத்த அதே திங்கட்கிழமை. அன்றைக்கும் மத்தியானம், அன்றைக்கும் ஒரு சின்ன மாற்றம். நாத்தனார் அன்று அழுதுகொண்டு அரை நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்துவிட்டதால் அவள் திரை நிற்கவில்லை. அவ்வளவுதான்.

ஒருத்தி சாப்பிடாமல் உட்கார்ந்து வேலை பார்த்தாள். அதற்குத்தான் தண்டனை. எழுந்து போய் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்திருந்தால் அவள் பெயர் எந்தப் பதிவிலும் இருந்திருக்காது.

வியாழக்கிழமை காலை சின்னமாற்றத்தைத் தன் மேசைக்கு அழைத்துக் காட்டினாள். திரை அவர் கண் முன்னால் நின்றது. அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அட, ஆமா. நல்லாக் கண்டுபிடிச்சிருக்கீங்க மேடம்."

"போன வாரம் தடுப்பூசி நின்ன அன்னிக்கு மத்தியானம் மாத்தினீங்களா?"

"மாத்தினேனா... ஞாபகம் இல்லையே. மாத்தியிருந்தாலும் ஏதாவது சின்ன மாற்றமா இருக்கும்." சிரித்தார். "விடுங்க, பிரச்சனை என்னன்னு தெரிஞ்சுபோச்சு இல்ல? சாயங்காலத்துக்குள்ள ஒரு அறிக்கை எழுதிடறேன். நீங்க பார்த்துக் கையெழுத்துப் போட்டுடுங்க. உங்க நாத்தனாருக்கும் நல்லது."

சாயங்காலம் அறிக்கை வந்தது. 'பயனர் இடைவேளையின்போது தன் திரையிலிருந்து வெளியேறாமல் விட்டதே பிழைக்குக் காரணம். இனி அனைவரும் இடைவேளையில் கட்டாயம் வெளியேற வேண்டும் எனச் சுற்றறிக்கை விடப் பரிந்துரைக்கப்படுகிறது.' கீழே அவள் பெயர் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"அவ எழுந்து போகலைங்கறதுதான் காரணமா?"

"டெக்னிக்கலா அதுதானே மேடம்."

"அலமாரியை மாத்தினது?"

"என்ன அலமாரி?"

அவர் பொறுமையாக, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "இதோ பாருங்க. இதுல நீங்க கையெழுத்துப் போட்டா, நான் பெர்சனல் ஆபீசர்கிட்ட பேசி ஒரு எச்சரிக்கையோட முடிச்சுடறேன். வேலை போகாது. போடலைன்னா, ரத்து பண்ணது யாருன்னு பதிவு இருக்கு. எனக்கு ஒண்ணுமில்ல. யோசிச்சுக்கங்க."

அண்ணி அந்தத் தாளை அவர் மேசைமேல் வைத்தாள். நேராக இருக்கும்படி விளிம்பைச் சரிசெய்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் நாத்தனார் அம்மாவின் முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் கழற்றாமலே நின்று கேட்டார்.

"அப்போ கையெழுத்துப் போட்டிருந்தா என் வேலை தப்பிச்சிருக்கும்," என்றாள் நாத்தனார்.

"ம்."

"நீங்க போடல."

"ம்."

நாத்தனார் பவுடர் டப்பாவை மூடினாள். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டிருக்க வேண்டுமோ என்று வழி நெடுக அவளும் நினைத்துக்கொண்டுதான் வந்தாள். போகப்போகிற வேலை தன்னுடையது அல்ல. தன்மானம் பார்க்கத் தனக்கு என்ன உரிமை?

"போட்டுட்டு வந்திருந்தீங்கன்னா," என்றாள் நாத்தனார், "இந்த ஜென்மத்துல உங்ககூடப் பேசியிருக்க மாட்டேன். நீங்கதான் எப்பவுமே பேசறதில்ல. நானும் நிறுத்திட்டா இந்த வீடு என்ன ஆகறது?"

கணவர் தொண்டையைச் செருமினார். "மன்னிப்புக் கடிதம்னு நான் சொன்னது..."

"நீ செருப்பைக் கழட்டுண்ணா முதல்ல."

வெள்ளிக்கிழமை காலையில் நாத்தனார் டெஸ்பாட்சில் என்ன பேசினாள் என்பது அண்ணிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது வேறு ஒன்று. புது லேபிள் அமைப்பு அன்றைக்கே ஓட வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். மத்தியான லாரிகளுக்கே தந்துவிடுவதாகச் சின்னமாற்றம் வாக்குக் கொடுத்திருந்தார். மறுபடி ஒரு சின்ன மாற்றம். அதை அவள் காலையிலேயே நாத்தனாரிடம் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான்.

சாப்பாட்டு மணி அடித்தது. கீழே யாரும் எழுந்திருக்கவில்லை.

மாடியில் சின்னமாற்றம் தன் திரையில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தார். முப்பது பேரும் இருந்தார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தார். முப்பதும் அப்படியே இருந்தது. போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கடைசியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவரே படியிறங்கினார். அண்ணியும் பின்னாலேயே போனாள்.

டெஸ்பாட்சில் எல்லாரும் திரை முன்னால் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பல்வலிக்காரர் ஒரு பக்கத்துக் கடைவாயால் மெல்லமாக மென்றுகொண்டிருந்தார். அறை முழுக்க முப்பது வீட்டுச் சமையலின் மணம். நாத்தனார் மட்டும் சாப்பிடாமல் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் மேசைக்குப் பக்கத்தில், குற்றச்சாட்டு எழுதிய பெர்சனல் ஆபீசர் நின்றார். விளக்கக் கடிதத்தை வாங்க அவரே வந்திருந்தார்.

"என்னப்பா இது, இங்கயே சாப்பிடறீங்க?" என்றார் சின்னமாற்றம்.

"கேன்டீன்ல கூட்டம் சார்," என்றான் ஒருவன்.

"அன்னிக்குப் பல்லு போச்சு. இன்னிக்கு இடமாவது இருக்கட்டும்னு உட்கார்ந்துட்டேன்," என்றார் பல்வலிக்காரர்.

"சரி, சாப்பிடுங்க. ஆனா எல்லாரும் திரையிலேருந்து வெளிய போயிடுங்க. ஒரு அஞ்சு நிமிஷம்தான்."

யாரும் அசையவில்லை.

"எதுக்கு சார்?" என்றாள் நாத்தனார்.

"எதுக்குன்னா... சொன்னா செய்யுங்கம்மா. லாரி வர நேரம்."

"வெளிய போகலைன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ஒரு சின்ன..."

"ஒண்ணும் ஆகாதுன்னா மாத்திக்கங்க சார். நாங்க உட்கார்ந்திருக்கோம்."

சின்னமாற்றம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "மாத்த முடியாதும்மா! திறந்திருக்கும்போது மாத்தினா உங்க திரை அத்தனையும் நின்னுடும். ஒரு லேபிள் வராது. சரக்கு மொத்தமும் இங்கயே கிடக்கும். உங்களுக்கெல்லாம் எப்படிப் புரியவைக்கறது?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

உருளைப்பாதை நின்றிருந்தது. யாரும் மெல்லவில்லை. அண்ணிக்கு மௌனங்கள் பழக்கம். எத்தனையோ விதமான மௌனத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இந்த மாதிரி ஒன்றை அவள் கேட்டதில்லை. முப்பது பேர் வாயில் சோற்றோடு, மென்று விழுங்காமல், ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெர்சனல் ஆபீசர்தான் பேசினார். "அப்போ தடுப்பூசி நின்ன அன்னிக்கும்..."

சின்னமாற்றம் அண்ணியின் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க டெக்னிக்கலா அவருக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

"நீங்களே சொல்லுங்க சார்," என்றாள் அண்ணி. "நல்லாச் சொன்னீங்க. எல்லாருக்கும் புரிஞ்சுது."

அன்றைக்கு மாற்றம் நடக்கவில்லை. லாரிகள் பழைய லேபிளோடு கிளம்பின.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது. 'குடும்பச் சூழ்நிலையைக் கருதி, கருணை அடிப்படையில்' என்று அதில் இருந்தது. சின்னமாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் மாடியில் அதே நாற்காலியில் இருந்தார். அவருடைய திரையில் இனி இருவர் ஒப்புதல் இல்லாமல் எதையும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டார்கள் என்று மட்டும் கேள்வி. அதற்குப் பாதுகாப்பு மேம்பாடு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நாத்தனார் சமையலறை விளக்கின் கீழே கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணியிடம் நீட்டினாள். "வேலை இருக்கு அண்ணி. போதும், விடுங்க."

அண்ணி படித்தாள். கருணை என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. யார் யாருக்குக் காட்டுகிற கருணை? கெட்டுப்போன தடுப்பூசிக்காக எந்தக் குழந்தை எங்கே காத்திருந்ததோ, அதற்கு யார் காட்டினார்கள் கருணை?

பால் பொங்கி வந்தது. இந்தத் தடவை அவள் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"விடறதா இல்ல," என்றாள். "நாளைக்கு இதைத் திருப்பிக் குடுப்போம். கருணையை எடுத்துட்டு, தப்பு நம்மேல இல்லைன்னு எழுதித் தரச் சொல்லு."

"தரலைன்னா?"

"மத்தியானம் நானும் கீழ வந்து உட்கார்ந்துக்கறேன். எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டு."

நாத்தனார் அவளை ஒரு கணம் பார்த்தாள். "ஒரே மூச்சுல இத்தனை வாக்கியம். அண்ணா, இங்க வந்து பாரு, உன் பொண்டாட்டிக்கு என்னவோ ஆயிடுச்சு!"